அரிக்கேன் விளக்குக்குப் போடாதீர்கள்

தேர்தல் வேலை கற்றுக்கொள்ளப் போன எனக்கு அவர்கள் கொடுத்த முதல் பெரிய வேலை, ஒரு வேட்பாளரைக் காரில் ஏற்றிக் குலசேகரன்பட்டினத்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போய்ச் சாயங்காலம் வரை அங்கேயே வைத்திருப்பது. அவர் எங்கள் வேட்பாளர் இல்லை. எங்கள் வேட்பாளரைத் தோற்கடித்துவிடுவார் என்று எல்லோரும் பயந்த ஆளும் இல்லை. அந்த ஆளின் பெயர் இவருக்கும் இருந்தது. முதலெழுத்துகூட ஒன்றுதான். இவர் செய்த குற்றம் அவ்வளவே.

அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. அதை வைத்துச் செய்த வேலை போதும்.

தொண்ணூறுகளின் நடுவில் வந்த சட்டமன்றத் தேர்தல் அது. நான் பாளையங்கோட்டையில் எம்.ஏ. அரசியல் அறிவியல் படித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு இன்டர்ன்ஷிப் என்கிறார்களே, அதை அன்றைக்கு எங்கள் பேராசிரியர் களப்பயிற்சி என்றார். ஆளுக்கொரு வேட்பாளரின் அலுவலகத்துக்குப் போக வேண்டும். சொன்ன வேலையைச் செய்ய வேண்டும். தேர்தல் முடிந்ததும் அறிக்கை எழுதிக் கொடுத்தால் மதிப்பெண். "ஜனநாயகம் புத்தகத்துல இல்ல, தெருவுல இருக்கு" என்று வகுப்பில் சொன்னார். அவர் தெருவுக்கு வரவில்லை. எங்களை அனுப்பினார்.

என் அப்பா மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். அரசியல் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "மார்க்குக்குத்தானே போற? போயிட்டு வா. மைக்க மட்டும் தொடாத" என்றார். மைக்கைத் தொட்டால்தான் அழுக்கு ஒட்டும் என்று நினைத்தார் போலிருக்கிறது.

எனக்குக் கிடைத்தது பெரிய கட்சி ஒன்றின் வேட்பாளர். அவரை நான் பார்த்ததே குறைவு. எல்லாவற்றையும் நடத்தியவர் அவருடைய ஏஜென்ட். அரிசி மில் வைத்திருந்தவர். சின்னவர் பெரியவர் எல்லோரும் அவரை முதலாளி என்றார்கள். ஜங்ஷன் பக்கம் அவருக்கு ஒரு கிட்டங்கி இருந்தது. வற்றல் மிளகாய் அடுக்கி வைத்திருந்த இடம். மூட்டையை ஒதுக்கிவிட்டு அங்கே தேர்தல் ஆபீஸ் போட்டிருந்தார்கள். உள்ளே போனாலே தும்மல் வரும். ஒரு மூலையில் போஸ்டர் ஒட்டப் பசை காய்ச்சுவார்கள், இன்னொரு மூலையில் பூத் சிலிப் எழுதுவார்கள். நான் சிலிப் எழுதினேன். என் கையெழுத்து நன்றாக இருந்ததால் முதலாளிக்கு என்னைப் பிடித்தது. பெயர் கேட்கவில்லை. காலேஜ் என்று கூப்பிட்டார்.

"ஏலே காலேஜ், இங்கன வா. ஓட்டுச் சீட்டுல பேர எப்பிடிலே போடுவான்?"

"அகர வரிசையில போடுவாங்க, முதலாளி."

"ஒரே பேரு ரெண்டு இருந்தா?"

"அடுத்தடுத்து வரும்."

"ம். நீ படிச்சதுக்கு இது ஒண்ணு போதும்."

அவர் பயந்த ஆள் ஒரு வக்கீல். கட்சி எதிலும் இல்லாமல் சுயேச்சையாக நின்றார். சுயேச்சை என்றால் சிரிப்பார்கள். இவரைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. ஊருக்கு வெளியே கால்வாய்க் கரையில், புறம்போக்கில், நிறைய வீடுகள் இருந்தன. கரையைக் கட்டப்போகிறோம், காலி செய்யுங்கள் என்று பொதுப்பணித் துறை நோட்டீஸ் ஒட்டியது. வக்கீல் ஒரு பைசா வாங்காமல் கோர்ட்டுக்குப் போய்த் தடை உத்தரவு வாங்கினார். அதிலிருந்து அந்தக் கரை முழுக்க அவர் பக்கம். கரையில் இருந்தவர்களுக்குச் சொந்தக்காரர்கள் ஆற்றங்கரை ஊர்களில் எல்லாம் இருந்தார்கள். பேச்சு அப்படியே பரவிவிட்டது.

அந்த வக்கீலின் பெயரில் இன்னொரு ஆளைத் தேடச் சொன்னார் முதலாளி. கிடைத்தவர் அதே கால்வாய்க் கரையில் குடியிருந்தார். அது தற்செயல் இல்லை. முதலாளி வேண்டுமென்றே அங்கே தேடியிருக்கிறார் என்று எனக்குப் பிறகுதான் புரிந்தது.

அவர் பேட்டையில் ஒரு பீரோப் பட்டறையில் பெயின்டர். இரும்பு பீரோவுக்கு மெஷின் வைத்துப் பெயின்ட் பீய்ச்சுகிற வேலை. நாற்பதைத் தாண்டியவர். புருவத்தில், காது மடலில், நகக்கண்ணில் எல்லாம் சாம்பல் நிறம் ஏறிப்போயிருக்கும். மண் சுவர் வைத்த ஓட்டு வீடு. அந்த வீட்டுக்குக் கதவு மட்டும் பணக்காரக் கதவு. பட்டறையில் மிஞ்சிய தகட்டை வெல்டு வைத்து, பீரோ மாதிரியே சாம்பல் பச்சையில் பளபளவென்று பெயின்ட் அடித்து, பீரோக் கைப்பிடி ஒன்றையும் வைத்திருந்தார். கரையில் போகிறவர்கள் "என்ன வே, பீரோக்குள்ளயா குடியிருக்கீரு?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

முதலாளியே நேரில் வந்தார். வேட்புமனுவை நிரப்ப என்னைக் கூட்டி வந்தார். பெயின்டர் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

"வக்கீலையா எங்களுக்குக் கேசு நடத்துதாக, முதலாளி. அவுகளுக்கு எதிரா நான் எப்பிடி நிக்க?"

"எதிராவா? யாரு வே உம்ம எதிரா நிக்கச் சொன்னா? மனுவக் குடுக்கப்போறீரு, வாபஸ் வாங்கப்போறீரு. நடுவுல வக்கீலுக்கு லேசா ஒரு பயம் வரும். நம்மகிட்டப் பேச வருவாரு. பேசி முடிஞ்சிட்டா அவருக்கும் கௌரவம், உமக்கும் பட்டா."

பெயின்டரின் மனைவி கதவுப் பக்கத்திலிருந்து சொன்னார். "அம்புட்டு நல்ல காரியம்னா நீங்களே நிக்கலாமே, முதலாளி."

"எனக்கு அந்தப் பேரு இல்லியே, தாயி."

முதலாளி சிரித்தார். நானும் சிரித்தேன். அந்த அக்கா சிரிக்கவில்லை.

பட்டா என்ற சொல்தான் வேலை செய்தது. வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பெயின்டர் அசைந்திருக்க மாட்டார். முதலாளி போன பிறகு, எனக்குச் சொல்வது போல அவர் தனக்கே சொல்லிக்கொண்டார். "தம்பி, வக்கீலையா வாங்கித் தந்தது தடை. இன்னைக்கி இருக்கும், நாளைக்கி ஒரு ஜட்ஜு வந்து எடுத்துப்புடுவாரு. பட்டான்னா அப்பிடி இல்ல. பட்டான்னா வீடு." கதவைத் தட்டிக் காட்டினார். தகடு டங்கென்றது.

அவருக்கு வேண்டியது அந்த வீடு. தேர்தல் முழுவதும் அவர் செய்த சரி, தப்பு எல்லாமே அந்த வீட்டுக்காகத்தான். எம்.எல்.ஏ. ஆகிற ஆசையில் நின்றார் என்று ஊரில் சிலர் பேசினார்கள். அப்படிப் பேசியவர்களின் வாயை நான் அடைத்திருக்கிறேன்.

வாபஸ் வாங்க வேண்டிய கடைசி நாள் வந்தது. காலையில் முதலாளி என்னைக் கூப்பிட்டார். "அவரக் குலசை கோயிலுக்குக் கூட்டிட்டுப் போயிட்டு வா. வக்கீல் ஆளுக அவர மடக்குனா அடிதடி ஆயிரும். வாபஸ நாங்க பாத்துக்கிடுதோம்."

"அவரு வர வேண்டாமா, முதலாளி?"

"முன்மொழிஞ்சவன் கையில எழுதிக் குடுத்தாச்சுல்லா. அவன் போய்க் குடுத்தாப் போதும். ஒம் புஸ்தகத்துல இல்லியா?"

இருந்தது. வேட்பாளர் எழுத்தில் அதிகாரம் கொடுத்தால் முன்மொழிந்தவரே வாபஸ் கடிதம் கொடுக்கலாம். சட்டத்தில் இடம் இருக்கிறது. படிக்காதவனாக இருந்திருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். படித்திருந்தேன், நம்பினேன்.

குலசை என்கிற குலசேகரன்பட்டினத்தில் தசராவுக்கு, நேர்ந்துகொண்டவர்கள் வேஷம் கட்டி வரும்போதுதான் கூட்டம். சித்திரை வெயிலில் ஓர் ஈ காக்கை இல்லை. கோயிலில் கும்பிட்டுவிட்டுக் கடற்கரையில் ஒரு படகு நிழலில் உட்கார்ந்தோம். பெயின்டர் சந்தோஷமாக இருந்தார். அவரை அப்படி நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"ஒரு வருசம் இங்கன குறவன் வேசம் போட்டேன், தம்பி. நோட்டீசு வந்த வருசம். வீடு தங்குனா வேசம் போடுதேன்னு நேர்ந்துக்கிட்டேன். தடை கெடைச்சிது. பட்டா கெடைச்சா காளி வேசம் போடணும். காளி வேசத்துக்கு ரொம்ப நாள் விரதம் இருக்கணும் தெரியுமா? பட்டறையில வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டானுவ. கறிச்சோத்தக் கொண்டாந்து மூக்குக்கு நேராக் காட்டுவானுவ."

"அண்ணாச்சிக்குக் காளி வேசம் பொருந்துமா?"

"ஏன் பொருந்தாது? எங்க வீட்டுக்காரிதான் சொல்லுவா, மொகத்துல பெயின்ட் இல்லாத நாளுதான் ஒங்கள அடையாளம் தெரியலன்னு."

சாப்பிட்டோம். மூன்று மணி ஆனதும் நான் கடிகாரத்தைப் பார்த்தேன். அதோடு வாபஸ் நேரம் முடிகிறது. "முடிஞ்சிது அண்ணாச்சி" என்றேன். அவர் கடலைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார்.

பொழுது சாயும்போது கால்வாய்க் கரைக்கு வந்தோம். வழக்கமாக அந்த நேரம் பெண்கள் வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றுவார்கள். அன்றைக்குக் கையை நிறுத்திவிட்டு எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். பெயின்டரின் மனைவி வாசலில் நின்றார்.

"வாரும், வேட்பாளரே. ஒமக்கு வெளக்கு குடுத்திருக்காங்களாம்."

"என்ன வெளக்கு?"

"அரிக்கேன் வெளக்கு. வக்கீலையாவுக்கு மேச வெளக்கு. ஒமக்கு அரிக்கேன் வெளக்கு. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல வருதாம். ஊரே சொல்லுது. ஒமக்குத்தான் தெரியல."

வாபஸ் கடிதம் யாரும் கொடுக்கவில்லை. முன்மொழிந்தவர் அந்தப் பக்கமே போகவில்லை. வேட்புமனுவில் கேட்கும் சின்னங்களை முதலாளி சொல்லச் சொல்ல எழுதியவன் நான்தான். வக்கீல் மேசை விளக்குக் கேட்டிருக்கிறார் என்பது அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

மறுநாள் பெயின்டரோடு கிட்டங்கிக்குப் போனேன். முதலாளி மைக் செட்டுக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்து நாற்காலி போடச் சொன்னார். பெயின்டர் உட்காரவில்லை.

"இப்பிடிப் பண்ணிட்டியளே, முதலாளி."

"என்ன பண்ணிட்டோம்? பைய உக்காந்து பேசும். நீரு வீட்டுல இரும். ஒரு சோலியும் பாக்க வேண்டாம். தேர்தல் முடியட்டும், பட்டா உம்ம வீடு தேடி வரும்."

"எங்க தெருவுல என் மொகத்துல முழிக்க மாட்டாங்களே."

"பட்டா வந்தா முழிப்பான் வே. எல்லாப் பயலும் முழிப்பான்."

பெயின்டர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லுவேன் என்று பார்த்தாரோ, நானும் சேர்ந்தவன்தானா என்று பார்த்தாரோ, தெரியாது. வெளியே வந்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி. "இனிமே என் பேர எடுக்க வழி இருக்கா, தம்பி?"

"இல்ல அண்ணாச்சி. சீட்டு அடிக்கப் போயிருக்கும்."

"அப்ப எனக்குப் போடாதிங்கன்னு நானே சொல்லலாம்லா? அதுக்குச் சட்டத்துல தடை உண்டா?"

அப்படி ஒரு கேள்வியை எந்தப் பரீட்சையிலும் கேட்டதில்லை. தடை இல்லை என்று சொன்னேன்.

அன்றைக்கு மத்தியானமே அவர் தொடங்கிவிட்டார். வீட்டு அரிக்கேன் விளக்கை சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டார். நானும் என் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். கிட்டங்கியில் கேட்டபோது, அவரைக் கவனிக்கப் போகிறேன் என்று சொன்னேன். முதலாளி தலையாட்டினார்.

ஆற்றங்கரை ஊர்கள் ஒன்றொன்றாகப் போனோம். மைக் இல்லை, துண்டு இல்லை, ஆள் இல்லை. ஊர் முகப்பில் சைக்கிளை நிறுத்தி, விளக்கைக் கையில் எடுத்து உயர்த்திப் பிடிப்பார். "தாயாருமாரே, அண்ணாச்சிமாரே, நான் ஓட்டுக் கேக்க வரல. இந்த வெளக்க நல்லாப் பாத்துக்கிடுங்க. இதுல போடாதிய. இதுக்குப் பக்கத்துல மேச வெளக்குன்னு ஒண்ணு இருக்கும். அதுதான் வக்கீலையா. அதுல போடுங்க."

டீக்கடைகளில் இதைக் கேட்டுச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.

"அப்ப நீரு எதுக்கு வே நிக்கீரு?"

"நான் நிக்கல. என்னைய நிக்க வச்சிட்டாங்க."

"இதத்தான் எங்க மாப்ளயும் கல்யாணத்தன்னைக்கிச் சொன்னான். இப்ப மூணு பிள்ள."

அவர் கோபப்படவில்லை. சிரித்து முடிக்கும் வரை நின்று, மறுபடியும் விளக்கைத் தூக்குவார். வெயில் மண்டையைப் பிளந்தது. ஓர் ஊரில் வேப்பமரத்தடியில் பீடி சுற்றிக்கொண்டிருந்த பெண் ஒருத்தி செம்பில் தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடித்ததும் சொன்னாள்.

"கவலப்படாதிய அண்ணாச்சி. எங்க வீட்டு ஓட்டெல்லாம் ஒங்களுக்குத்தான்."

"எனக்கு வேண்டாம், தாயி. மேச வெளக்கு."

"எல்லாரும் காருல வந்து கையக் காட்டிட்டுப் போறான். இந்த வெயில்ல சைக்கிள்ல வந்தது நீங்க மட்டுந்தான். ஒங்களுக்குப் போடாம யாருக்குப் போட?"

"நானே போடாதங்கேனே!"

"அதான் நல்ல மனுசங்கேன்."

திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதர் போகிற ஊரில் எல்லாம் மேசை விளக்கை யாரும் பார்க்கவில்லை. பார்த்தது அரிக்கேன் விளக்கை. அது எல்லார் வீட்டு மாடத்திலும் கிடக்கிற பொருள். கரண்டு போனால் கை தேடுவது அதைத்தான். மேசை விளக்கு யார் வீட்டில் இருந்தது? வக்கீல் வீட்டில் இருந்திருக்கும்.

கிட்டங்கியில் இதைச் சொல்ல வேண்டிய அவசியமே இருக்கவில்லை. முதலாளி ஏற்கெனவே கணக்குப் போட்டுவிட்டார். "போகட்டும்லே. நாம ஜீப்பு வச்சு அனுப்புனாக்கூட இப்பிடிச் சுத்த மாட்டான். அவன் சைக்கிளுக்குக் காத்து அடிச்சுக் குடுங்கலே" என்றார். மிளகாய் நெடியிலும் எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு அங்கே பூத் சிலிப்புக் கட்டை வைத்துவிட்டு வெளியே வந்தேன். மறுபடி போகவில்லை. வீரம் ஒன்றும் இல்லை. இருக்கப் பிடிக்கவில்லை.

பெயின்டரிடம் போய்ச் சொன்னேன். "அண்ணாச்சி, போதும். நீங்க போகப் போக அவங்களுக்குத்தான் லாபம். வீட்டுல இருங்க."

அதே பேச்சை வக்கீலும் சொன்னார். ஒரு நாள் ரோட்டில் அவர் ஜீப் எதிரே வந்தது. ஜீப்பில் இருந்தவர்கள் கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டு குதித்து இறங்கினார்கள். வக்கீல் அவர்களைத் தடுத்துவிட்டு, உட்கார்ந்த இடத்திலிருந்தே பேசினார். "பேர்காரரே, நீரு நல்லதுக்குத்தான் சுத்துதீரு, எனக்குத் தெரியும். ஆனா வீட்டுல இரும். அந்த வெளக்கயும் வீட்டுல வையும். எனக்கு அது போதும்." ஜீப் போய்விட்டது. பெயின்டர் புழுதி அடங்கும் வரை நின்றார்.

"கேட்டியளா அண்ணாச்சி? அவுகளே சொல்லிட்டாங்க."

"அவுக சொல்லுவாக. நான் வீட்டுல இருந்தா எங்க தெருவுல என்ன சொல்லுவான்? பட்டாவுக்கு வாயத் தொறந்துக்கிட்டுக் காத்திருக்கான்னு சொல்லுவான். குழாயடியில எம் பொண்டாட்டி கொடத்த எட்டித் தள்ளுதாளுவ, தம்பி. வீட்டுல எப்பிடி இருக்க?"

"வெளக்க மட்டுமாவது விட்டுட்டுப் போங்க."

"வெளக்கக் காட்டாம எதுல போடாதன்னு சொல்ல? படிக்கத் தெரியாத ஆளுகளுக்குப் படம்தான்."

போனால் விளக்குத் தெரியும், போகாவிட்டால் துரோகி என்பார்கள். அந்த மனிதரை அப்படி ஒரு மூலையில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு முதலாளி கிட்டங்கியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தேர்தல் வியூகம் என்று இன்றைக்கு டி.வி.யில் உட்கார்ந்து பேசுகிறார்கள். அந்த வார்த்தையைக் கேட்டால் எனக்குக் கை பரபரக்கிறது.

பிரச்சாரம் ஓயும் வரை அவர் சைக்கிளை மிதித்தார். நான் கூடப் போனேன்.

ஓட்டு எண்ணிக்கை பாளையங்கோட்டையில் நடந்தது. வேட்பாளர் என்பதால் பெயின்டருக்கு உள்ளே போக உரிமை உண்டு. தனக்கு ஏஜென்டாக என் பெயரைக் கொடுத்திருந்தார். இருவரும் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்றோம். சீட்டுகளைச் சின்னம் சின்னமாகப் பிரித்து, கட்டுக் கட்டாக ரப்பர் பேண்டு போட்டு அடுக்கினார்கள். சுயேச்சைகளின் தட்டுகள் காலியாகக் கிடந்தன. அரிக்கேன் விளக்கின் தட்டில் மட்டும் கட்டு விழுந்துகொண்டே இருந்தது. அவர் ஒவ்வொரு கட்டு விழும்போதும் கம்பியை இறுக்கிப் பிடித்தார். நகக்கண்ணில் சாம்பல் பெயின்ட். வாய் எதையோ முணுமுணுத்தது. சாமியைக் கும்பிட்டாரோ என்னவோ.

வக்கீல் தோற்றார். தோற்ற வித்தியாசம் கொஞ்சம். அரிக்கேன் விளக்குக்கு விழுந்தது அதைவிட அதிகம்.

வெளியே வெடி போட்டுக்கொண்டிருந்தார்கள். முதலாளி மாலையும் கழுத்துமாக வந்தார். கழுத்திலிருந்த மாலைகளில் ஒன்றை எடுத்துப் பெயின்டர் தோளில் போட்டார். "என்ன வே, ஜமாய்ச்சிட்டீரு!" என்றார். பெயின்டர் மாலையைக் கழற்றவில்லை. அப்படியே நின்றார். நான்தான் கழற்றித் தரையில் போட்டேன். முதலாளி என்னை ஒரு பார்வை பார்த்தார். "காலேஜுக்குக் கோவத்தப் பாருலே" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அறிக்கையில் இதையெல்லாம் எழுதினேன். பேராசிரியர் கூப்பிட்டு, "தனி ஆள் கதையெல்லாம் ஆய்வு ஆகாது. வாக்குச் சதவீதம் போட்டு அட்டவணையா எழுதிட்டு வா" என்றார். எழுதிக் கொடுத்தேன். நல்ல மதிப்பெண் போட்டார். அந்த அட்டவணையில் அரிக்கேன் விளக்கு, இதர சுயேச்சைகள் என்ற வரிசைக்குள் போய்விட்டது.

பட்டா வரவில்லை. பெயின்டர் கிட்டங்கிக்கு நடையாய் நடந்தார். அங்கே மறுபடியும் மிளகாய் மூட்டை ஏறிவிட்டது. முதலில் பார்ப்போம் என்றார்கள். பிறகு முதலாளி ஊரில் இல்லை என்றார்கள். கோர்ட்டில் வக்கீல் வழக்கை விடவில்லை, அதைச் சொல்ல வேண்டும். ஆனால் தடையை நீக்கிவிட்டார்கள். கரை கட்டுகிற கான்ட்ராக்ட் முதலாளியின் மைத்துனர் கைக்குப் போயிருந்தது. அப்போதுதான் எனக்கு முழுதும் விளங்கியது. வக்கீல் ஜெயிக்கக் கூடாது என்பதில் முதலாளிக்கு இருந்த அவசரம் கட்சிக்காக மட்டும் இல்லை.

வீடுகளை இடிக்க வந்த காலையில் நானும் போனேன். கார் நெல் அறுவடை முடிந்து வயல்கள் காய்ந்து கிடந்தன. கால்வாயில் தண்ணீரை நிறுத்தியிருந்தார்கள். போலீஸ் நின்றது. மண் அள்ளும் எந்திரம் கரை ஓரமாக உறுமிக்கொண்டு நின்றது. வக்கீல் கறுப்புக் கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு அதிகாரிகளோடு கத்திக்கொண்டிருந்தார். மத்தியானம் வரை சாமான்களை எடுக்க நேரம் வாங்கினார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை.

கரை முழுக்க ஒருவருக்கொருவர் கை கொடுத்துக் கட்டில், பாத்திரம், ஓடு எல்லாம் இறக்கினார்கள். பெயின்டர் வீட்டுக்கு மட்டும் யாரும் வரவில்லை. அவர், மனைவி, நான். ஓட்டை இறக்கி அடுக்கினோம். தகரப் பெட்டியை வெளியே வைத்தோம். அரிக்கேன் விளக்கு அந்தப் பெட்டி மேலேயே இருந்தது.

வக்கீல் வந்தார். பெயின்டர் அவரைப் பார்த்ததும் சுவர் மறைவுக்குப் போனார்.

"பேர்காரரே, எங்க வே ஒளியுதீரு? அந்தக் கதவக் கழத்தும். நல்ல கதவு. மண்ணோட போகப்போவுது."

பெயின்டர் வெளியே வந்தார். தலையைத் தூக்கவில்லை. "வக்கீலையா, சாமி சத்தியமா நான் மேச வெளக்குலதான் குத்துனேன்."

"தெரியும்."

"ஒரு ஊரு விடாமப் போனேன். எல்லார்கிட்டயும் சொன்னேன்."

"அதான் வே வந்த வினை" என்றார் வக்கீல். கோபமாகச் சொல்லவில்லை. களைத்துப்போய்ச் சொன்னார். "எல்லாரும் நீரு சொன்னதக் கேட்டான். நீரு சொன்னபடி செய்யல. ஒரு ஆளுகூட உம்ம வெளக்க மறக்கல."

அப்போது அந்த அக்கா பேசினார். பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக்கொண்டே, யார் முகத்தையும் பார்க்காமல் பேசினார்.

"நான் அரிக்கேன் வெளக்குலதான் குத்துனேன்."

பெயின்டர் திரும்பிப் பார்த்தார்.

"ஊரே இவுகளத் தூத்துது. இவுகளே இவுகளுக்குப் போடாதங்காக. நானும் போடாட்டி, இந்த மனுசனுக்குன்னு யாரு இருக்கா? அதான் போட்டேன். வக்கீலையா என்னைய வையணும்னா வையுங்க."

வக்கீல் வையவில்லை. கோட்டைத் தகரப் பெட்டி மேல் வைத்தார். கீல் ஆணியைப் பிடுங்கச் சுத்தியல் கேட்டார். கதவு கனமான கதவு. ஒரு பக்கம் அவர் பிடித்தார், ஒரு பக்கம் பெயின்டர், நான் கீழே தாங்கினேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வந்து கை போட்டார். அவர் பெயின்டரோடு பேசவில்லை. கதவைத் தூக்க மட்டும் உதவினார். ரோட்டு ஓரத்தில் கொண்டுபோய் வைத்தோம். மத்தியானம் எந்திரம் நகர்ந்தது. மண் சுவர், ஒரே தள்ளலில் உட்கார்ந்துவிட்டது. அந்தச் சத்தம்கூடப் பெரிதாக இல்லை.

பேட்டையில் பட்டறைக்குப் பக்கத்தில் ஒரு லைன் வீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். அந்த வீட்டுக்குக் கதவு இருந்தது. இந்தக் கதவைக் கைவண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்ப் பட்டறைச் சுவரில் சாய்த்து வைத்தார்கள். எங்காவது ஒரு துண்டு இடம் வாங்கினால் மாட்டலாம் என்றார். காளி வேஷம் பற்றி அவர் பிறகு பேசவில்லை.

நான் வேலை கிடைத்து வெளியூர் போய், விடுமுறையில் வந்தபோது பட்டறைக்குப் போனேன். சுவரில் கதவு இல்லை. "அண்ணாச்சி, கதவு எங்க?" என்று கேட்டேன்.

மூக்கில் கட்டியிருந்த துணியை இறக்கிவிட்டு, உள்ளே வரிசையாக நின்ற பீரோக்களைக் காட்டினார். "அதுல ஒண்ணுக்குத் தட்டா வெட்டியாச்சி, தம்பி. நல்ல தகடு. சும்மா மழையில துரு ஏறிட்டுக் கெடந்தது. நான்தான் பட்டறை முதலாளிகிட்ட எடுத்துக்கிடச் சொன்னேன்."

"எந்த பீரோ?"

"எதுன்னு தெரியல. எல்லாத்துக்கும் ஒரே பெயின்டுதான அடிச்சிருக்கேன்" என்றார். துணியை மூக்குக்கு ஏற்றிக்கொண்டு மெஷினைப் போட்டார்.